‘லைன் இல்லை’ என்னும் விடை

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமை என்னும் பொருளில் நாம் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கல்வியின் பெருமையை நம்மினும் நன்கறிந்தோர் இவ்வரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கரிமூட்டம் போட்டும், கண்மாய் வேலைக்குச் சென்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் அதை எடுத்துரைப்பது மிகையாகும். ஆகவே செயலாளரின் இசைவோடு பொருளை மாற்றிக்கொண்டோம். அலுவலகங்களுக்கு வந்து சேரும் தொலைதூரக் கணினி இணைப்பில் பிழை தோன்றினால், அப்பிழை எவ்விடத்தில் உள்ளது என்று கண்டறியும் முறை குறித்தே இன்று பேசப் போகிறோம். நாம் படித்தது பி.ஏ. வரலாறு, பின்னர் பி.எட். இத்துறையில் நமக்கு ஆசானாக வாய்த்தவர் நம்மிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த மாணவர் ஒருவர். அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறோம்.

2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அப்போது நாம் வேறோர் ஊரில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். நம் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் சென்ற பிள்ளைகள் ஒன்பது பேருக்கு உதவித்தொகை விண்ணப்பத்தோடு இணைக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. கடைசி நாளுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றும் அலுவலகத்தில் மூன்று நாள்களாக ஒரே விடைதான்: “லைன் இல்லை, நாளைக்கு வாங்க.” மூன்று நாள் கூலியை இழந்து நடந்த தாய் ஒருவர், மாலையில் பள்ளிக்கே வந்துவிட்டார். அவர் நம்மிடம் கேட்டது இது: “அய்யா, லைன் எல்லாருக்குமே இல்லையா? இல்ல, நமக்கு மட்டும் இல்லையா?”

அக்கேள்விக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவர் ஐயப்பட்டதில் குற்றமும் இல்லை. டீக்கடையில் தம்ளர் இல்லை, கோவிலில் வழி இல்லை, பேருந்தில் இடம் இல்லை என்று பல ‘இல்லை’களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. எந்த ‘இல்லை’ மெய், எது பொய் என்று பிரித்தறியும் வழி அவர்களிடம் இல்லை. அன்று நம்மிடமும் இல்லை.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கே சென்றோம். இணைப்பைப் பழுது பார்க்க வந்திருந்த இளைஞர் எழுந்து வணக்கம் சொன்னார். நம் பழைய மாணவர். பட்டயப் படிப்பு முடித்து ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறவர். அலுவலரின் இசைவு பெற்று, அவர் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டோம். பிற்பகல் வரை அவர் செய்ததையும் சொன்னதையும் குறிப்பேட்டில் எழுதினோம். அதன் பின்னர் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சேர்த்து இங்கே சொல்கிறோம்.

முதலில், அந்த இணைப்பு என்பது யாது? மாநிலத் தலைமையகம், மாவட்டம், வட்டம், ஒன்றியம் என்னும் வரிசையில் அரசு அலுவலகங்களை ஒரே வலையில் பிணைக்கும் திட்டத்துக்கு நடுவணரசு 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. ஒன்றிய அளவு வரை குறைந்தது 2 மெகாபிட் வேகம் என்பது அதன் அளவுகோல். தமிழ்நாட்டில் இவ்வலையை அமைக்கும் பொறுப்பை எல்காட் நிறுவனம் ஏற்றது. இத்தகைய இணைப்பின் இரு முனைகளிலும் ரூட்டர் என்னும் கருவி இருக்கும். எந்தச் செய்தி எந்த வழியே செல்ல வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. அதிலிருந்து ஒரு தடித்த கேபிள் மோடத்துக்குச் செல்லும். மோடத்திலிருந்து செம்புக் கம்பி தொலைபேசி நிலையத்துக்கும், அங்கிருந்து பெருவழியாக மாவட்டத் தலைநகருக்கும் செல்லும்.

இதைச் சீரியல் இணைப்பு என்பர். வரப்பில் நடப்போர் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதுபோல, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் இப்பெயர். நம் நாட்டில் வழங்கிய ஈ-ஒன் என்னும் வகையில் 32 பகுதிகள். பகுதிக்கு விநாடிக்கு 64,000 பிட்டுகள். பெருக்கிப் பாருங்கள், 20,48,000. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் இருபது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நம் மாணவர் முதலில் செய்தது, திரையில் ஒரு கட்டளையைத் தட்டி இரண்டே சொற்களைப் படித்ததுதான். முதற்சொல் கம்பியில் சமிக்ஞை வருகிறதா என்று சொல்லும். இரண்டாவது, எதிர்முனை ரூட்டர் விடையளிக்கிறதா என்று சொல்லும். இரண்டும் ‘டவுன்’ என்றால் கேபிள், மோடத்தின் மின்சாரம், கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது ‘அப்’, இரண்டாவது ‘டவுன்’ என்றால் கம்பியில் சமிக்ஞை வருகிறது, ஆனால் பேச்சு நடைபெறவில்லை. அமைப்பு முறை மாறியிருக்கலாம், எதிர்முனை ரூட்டர் நின்றிருக்கலாம், கம்பியில் இரைச்சல் மிகுந்திருக்கலாம். ‘நிர்வாகத்தால் நிறுத்தப்பட்டது’ என்று வந்தால் யாரோ ஒருவர் கட்டளையிட்டு மூடியிருக்கிறார் என்று பொருள். பழுது பார்ப்போர் மிகவும் நாணுவது இதைக் கடைசியில் கண்டுபிடிக்கும்போதுதானாம்.

எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று அறிய ரூட்டர்கள் பத்து விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தியை மாற்றிக்கொள்கின்றன. நம் இராக்காவலர் இருவர் தெருவின் இரு கோடியில் நின்று குரல் கொடுப்பதுபோல. ஒவ்வொரு குரலிலும் ஓர் எண் இருக்கும். ‘என் எண் இது, உன்னிடமிருந்து கடைசியாகக் கேட்ட எண் அது’ என்பதே செய்தி. மூன்று குரலுக்கு விடை இல்லையேல் இணைப்பு ‘டவுன்’ எனப்படும். தான் அனுப்பிய எண்ணே தனக்குத் திரும்பி வந்தால், நடுவழியில் யாரோ கம்பியைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று ரூட்டர் அறிந்துகொள்ளும்.

அன்று காலை இரண்டு சொற்களும் ‘அப்’ என்றே இருந்தன. பத்து நிமிடம் நிற்கும், விழும், மறுபடி எழும். எழுந்து நின்ற வேளையிலும் விண்ணப்பப் பக்கம் பாதியில் உறைந்து நின்றது. அப்படியாயின் பிழைகளை எண்ண வேண்டும்.

பிழையை ரூட்டர் எப்படி அறிகிறது என்பதை ஆறாம் வகுப்புக் கணக்காகவே சொல்லிவிடலாம். 4817 என்னும் எண்ணை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை ஏழால் வகுத்தால் மீதி 1. எண்ணோடு அம்மீதியையும் சேர்த்து அனுப்புகிறோம். வழியில் இரைச்சலால் அது 4317 ஆகிவிட்டது. பெறுகிறவர் ஏழால் வகுக்கிறார், மீதி 5. வந்த மீதியோ 1. எனவே இச்செய்தி பழுதுபட்டது, எறிந்துவிடு. இந்த மீதிச் சோதனையின் பெயர்தான் சி.ஆர்.சி. என்பது. 4817 என்பது 4810 என மாறியிருந்தால்? அப்போதும் மீதி 1 வரும்; பிழை தப்பிவிடும். ஆகவேதான் மெய்யான இணைப்பில் ஏழு போன்ற சிற்றெண்ணால் வகுப்பதில்லை. மீதியே 16 பிட்டு நீளம் இருக்குமாறு வகுக்கிறார்கள். தப்புவதற்கு ஏறத்தாழ 65,536-இல் ஒரு வாய்ப்பே உண்டு. மீதிக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நாம் இப்போது இதையே சொல்லி வருகிறோம்.

எறியப்பட்ட செய்தியை அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும். வரும் பொதிகளில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பழுதானால் கவனிக்க வேண்டும் என்பது இத்துறையினரின் வழக்கம். அதற்கு மேல் ஏற ஏற, மறுபடி அனுப்புவதிலேயே நேரம் கழிந்து, கம்பி இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

சி.ஆர்.சி.யைத் தவிர வேறு எண்ணிகளும் உண்டு. பொதியின் பிட்டுகள் எட்டெட்டாகப் பிரிபடாமல் நடுவில் அறுந்து நின்றால் ஃபிரேம் பிழை. ஒன்று என்னும் பிட்டு விதிக்கு மாறாக ஏழுக்கு மேல் தொடர்ந்து வந்தால் அபார்ட். கம்பியின் சமிக்ஞை போய்ப் போய் வந்தால் அதற்கென ஒரு கணக்கு. எல்லாவற்றையும் ரூட்டர் தன் நினைவில் எழுதி வைத்திருக்கிறது. கேட்பார் இல்லாததால் சொல்லாதிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரையில் சி.ஆர்.சி. எண்ணிக்கை பல ஆயிரம் என்று கண்டதும் நாம் திடுக்கிட்டோம். நம் மாணவர் சிரித்தார். “இது எப்போ இருந்து சேர்ந்ததுன்னு தெரியாதுங்க அய்யா. வருகைப் பதிவேட்டுல மொத்த ஆப்சென்ட்டை மட்டும் பார்த்து இன்னிக்கு யார் வரலைன்னு சொல்ல முடியுமா?” என்றார். பின்னர் எண்ணிகளைச் சுழியாக்கி, நேரத்தைக் குறித்துவைத்தார். கால் மணி நேரம் கழித்துப் படித்தபோது வந்த பொதிகள் 6,000-க்குச் சற்று மேல்; பிழைபட்டவை 400-க்கு மேல். நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு.

பிழை உண்டு என்று உறுதியாயிற்று. எங்கே உள்ளது? அந்த மூன்று நாளும் அலுவலகத்தார் தொலைபேசித் துறையைச் சொன்னார்கள். துறையினர் கருவியைச் சொன்னார்கள். கருவியைப் பராமரிப்போர் மின்சாரத்தைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தம் பகுதி நன்றாக உள்ளது என்று நம்பினார்களேயன்றி, ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நம் பகுதி விவசாயிக்கு இதற்கு வழி தெரியும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலோடு மேலே நடப்பார். இந்த மடை வரை வந்திருக்கிறது, அடுத்த மடையில் இல்லை. அப்படியானால் உடைப்பு இரண்டுக்கும் நடுவில். விருதுநகரிலிருந்து புறப்பட்ட ரயில் நரிக்குடிக்கு வராவிட்டால் திருச்சுழி நிலையத்தைக் கேட்போம். அங்கும் வரவில்லையெனில் அருப்புக்கோட்டையைக் கேட்போம். கம்பியிலும் அதையேதான் செய்கிறார்கள். நம் பக்கத்து மோடத்தில் ஒரு விசையை மாற்றினால், ரூட்டர் அனுப்புவது வெளியே போகாமல் மோடத்திலேயே திரும்பி ரூட்டருக்கு வரும். இதை லூப் என்பர். அந்நிலையில் 1,500 பைட்டுப் பொதிகள் நூறு அனுப்பி நூறும் பழுதின்றித் திரும்பினால், ரூட்டர், கேபிள், மோடத்தின் முன்பகுதி ஆகிய மூன்றும் குற்றமற்றவை. அடுத்துத் தொலைபேசி நிலையத்தில் லூப் போடச் சொல்ல வேண்டும். அடுத்து எதிர்முனை மோடத்தில். எந்த லூப்பில் பிழை முதலில் தோன்றுகிறதோ, அந்த லூப்புக்கும் அதற்கு முந்திய லூப்புக்கும் நடுவில் குற்றம் இருக்கிறது.

அனுப்பும் பொதியில் என்ன எழுதுவது என்பதிலும் நுட்பம் உண்டு. முதலில் எல்லாம் சுழியாக ஒரு முறை. பிறகு எல்லாம் ஒன்றாக ஒரு முறை. பின்னர் மாற்றி மாற்றி. காரணம் கேட்டோம். அணிவகுப்பில் பிள்ளைகள் பறையொலிக்கு அடியெடுத்து வைக்கிறார்கள். பறை நெடுநேரம் ஓய்ந்தால் கால் மாறிவிடும். கம்பியில் துடிப்புத்தான் பறையொலி. சுழிக்குத் துடிப்பு இல்லை. ஆகவே சுழி நான்கு தொடர்ந்து வந்தால் அவ்விடத்தில் ஓர் அடையாளத் துடிப்பை இடும் முறையை ஈ-ஒன் கம்பிகளில் கையாளுகிறார்கள். ஒரு முனை இம்முறையையும் மறுமுனை பழைய முறையையும் பின்பற்றினால், மற்றப் பொதிகள் போய்ச் சேரும், சுழி நிறைந்த பொதி மட்டும் சேராது. இதை அறியாதார் கம்பியையே மாற்றிவிட்டு, பிறகும் பழுது தீரவில்லையே என்று திகைப்பர்.

இன்னொன்று கடிகாரம். இணைப்பில் ஒருவரே தாளம் போட வேண்டும். இருவர் தனித்தனியே தாளம் போட்டு, அவற்றுக்கிடையே பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும், 125 விநாடிக்கு ஒருமுறை 256 பிட்டுகள் தொலையும் அல்லது இரட்டிக்கும். எனவே பிழைகள் ஒழுங்கான இடைவெளியில் வந்தால் கடிகாரத்தை ஐயுற வேண்டும். பக்கத்து மாவு மில் ஓடும்போது மட்டும் வந்தால் இரைச்சல். மண் காய்ந்த சித்திரையில் மிகுந்தால், நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியைப் பார்க்க வேண்டும். ஈரமில்லாத மண் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. கரியும் உப்பும் இட்ட எர்த் குழிக்கு நம்மூர்க் கோடையில் குடம் தண்ணீர் ஊற்றுவதும் ஒரு பராமரிப்பு வேலைதான்.

அன்று மோடத்து லூப்பில் நூற்றுக்கு நூறும் திரும்பின. தொலைபேசி நிலையத்து லூப்பில் தொண்ணூறுகூடத் திரும்பவில்லை. நிலையத்துக்கு அப்பால் மாவட்டம் வரை பிழை ஒன்றும் இல்லை என்று அங்கிருந்தோர் சோதித்துச் சொன்னார்கள். ஆகக் குற்றம், நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவிலுள்ள செம்புக் கம்பியில்.

அடுத்து நம் மாணவர் கேட்டது அலுவலரை அன்று. வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளரைப் பார்த்து, “அம்மா, இது எப்போ நல்லா ஓடுது, எப்போ நின்னு போகுது?” என்று கேட்டார். “ராத்திரி மழை பெய்ஞ்சா காலையில செத்துப்போகும்யா. உச்சி வெயில் ஏறினா கொஞ்ச நேரம் ஓடும். மேகம் போட்டா மறுபடி போச்சு” என்றார் அந்த அம்மையார். மூன்று நாளாக அவரை ஒருவரும் கேட்கவில்லை. தொலைபேசி நிலையத்தின் லைன்மேனும் நம் மாணவரும் கம்பி செல்லும் வழியே நடந்தார்கள். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் கேபிள் வெட்டுப்பட்டு, வெறும் டேப்பால் சுற்றி மண்ணுக்குள் விடப்பட்டிருந்தது. ஜாயின்ட்டைப் பிரித்தபோது தண்ணீர் சொட்டியது. வெட்டி, உலர்த்தி, முறைப்படி இணைத்து மூடியபோது மாலை ஆறு மணி. எண்ணிகளை மறுபடி சுழியாக்கிவிட்டு அவர் புறப்பட்டார்.

மறுநாள் நண்பகலுக்குள் ஒன்பது விண்ணப்பங்களில் ஏழு ஏறிவிட்டன. எஞ்சிய இரண்டில் ஒன்று, பள்ளிக்கு வந்து நம்மைக் கேட்ட தாயின் மகளுடையது. அவரிடம் மறுபடியும் “லைன் இல்லை” என்று சொல்லப்பட்டது. நாம் நம் மாணவருக்குத் தொலைபேசி செய்தோம். அவர் எதிர்முனையிலிருந்து படித்துச் சொன்னார்: “நேத்து ஆறு மணியிலிருந்து சி.ஆர்.சி. சுழிங்க அய்யா. ஒரு தடவைகூட விழலை.” அதைத் தாளில் எழுதி, தேதியும் நேரமும் இட்டு, இரு பிள்ளைகளின் பெற்றோர் கையொப்பத்தோடு மேலதிகாரியிடம் கொடுத்தோம். குரலை உயர்த்தவில்லை, ஒருவரையும் பெயர் சுட்டிக் குறை கூறவில்லை. மாலைக்குள் இரண்டு விண்ணப்பங்களும் ஏறின. கடைசி நாளுக்கு முன்பே சான்றிதழ்கள் கைக்கு வந்தன.

முதல் மூன்று நாளில் எவருடைய விண்ணப்பமும் அங்கே ஏறவில்லை என்பதையும் கேட்டறிந்தோம். ஆகவே அத்தாயாருக்கு நாம் சொன்ன விடை இது: “மூணு நாளும் எல்லாருக்கும் இல்லைம்மா. நாலாம் நாள்தான் நமக்கு மட்டும் இல்லை.” முதல் நாளே சாலையில் உட்காரலாம் என்று அன்று நம் இளைஞர் சிலர் துடித்தார்கள். உட்கார்ந்திருந்தால், ஜாயின்ட்டில் இறங்கிய மழைநீரை எதிர்த்து மறியல் செய்தவர்களாகியிருப்போம். நான்காம் நாள் நம் பேச்சைக் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.

செம்புக் கம்பிச் சீரியல் இணைப்புகளின் காலம் மெல்ல முடிந்து வருகிறது. 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், அதாவது டான்ஃபிநெட், மேற்கொண்டிருக்கிறது. இழையில் மழைநீர் இரைச்சல் இல்லை; ஆயின் மண்வெட்டிக்கு இழையும் தெரியாது, செம்பும் தெரியாது. அங்கும் ரூட்டரிலும் சுவிட்சிலும் சி.ஆர்.சி. எண்ணி உண்டு, மீதி மட்டும் 32 பிட்டு. இழை அறுந்த இடத்தை, ஒளியை அனுப்பி அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். கண்ணாடியில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 10 கிலோமீட்டரில் அறுந்திருந்தால் எத்தனை நேரத்தில் திரும்பும் என்று வீட்டுக்குப் போய்க் கணக்கிட்டுப் பாருங்கள்.

இறுதியாக, சங்க உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய ரூட்டர்கள், சீரியல் கார்டு உட்பட, இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டு ரூட்டரும், ஒன்றோடொன்றை நேரே பிணைக்கும் கேபிள் ஒன்றும் இருந்தால், நம் சங்கக் கட்டடத்தின் பின்னறையிலேயே ஒரு தொலைதூர இணைப்பை அமைத்துவிடலாம். இவையின்றித் திரையிலேயே பயிலப் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளும் உண்டு. பதிவு செய்துகொண்டால் கட்டணமில்லை. நம் பழைய மாணவர் மாதத்தில் இரு சனிக்கிழமை வந்து கற்பிக்க இசைந்திருக்கிறார். பத்தாம் வகுப்பு முடித்த எவரும் சேரலாம். பெண் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். முதல் நாள் பயிற்சி இன்னதென்றும் சொல்லிவிட்டார்: ஒரு முனையில் கடிகார வேகத்தை அமைக்காமல் இணைப்பைக் கொடுத்து வைத்திருப்பார். முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும் எவ்வாறு இருக்கின்றன என்று படித்து, காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வருகிறவர்கள் கோடு போட்ட குறிப்பேடு ஒன்றும், நேரம் பார்க்கக் கைக்கடிகாரமும் கொண்டு வாருங்கள். நாமும் பின்வரிசையில் அமர்ந்திருப்போம்.